அவசரமில்லாதவள்

அம்மா இன்றைக்கும் கேட்பார். மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போதோ, எனக்குச் சோறு போடும்போதோ, முன்பின் ஒரு தொடர்பும் இல்லாமல் கேட்பார்.

"உன்னோட யூனியில படிச்ச அந்தப் பிள்ளை இப்ப எங்கை?"

என்னோடு படித்தவர்களில் டொக்டரானவள் இருக்கிறாள், லோயரானவள் இருக்கிறாள், வீடு விற்கும் தொழிலில் இறங்கி பஸ் தரிப்பிட வாங்குகளில் விளம்பரப் படமாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பவளும் இருக்கிறாள். அம்மாவுக்கு 'அந்தப் பிள்ளை' என்றால் அவள் ஒருத்திதான். பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் வீட்டில் அவளுக்கு ஏற்கெனவே இருக்கிற இடம் போதும்.

"எனக்கென்ன தெரியும்? நானென்ன அவளுக்குக் காவலோ?" என்று எரிந்து விழுவேன். அம்மா கதையை விட்டுவிடுவார். அடுத்த மாதம் திரும்பவும் கேட்பார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள்மேல் எனக்குப் பொறாமை. படிக்கிற காலத்திலும் இருந்தது, பத்து வருடம் கழித்து இன்றைக்கும் இருக்கிறது.

பொறாமைப்படும் அளவுக்கு அவளிடம் என்ன இருந்தது என்று கேட்டால் சிரிப்பு வரும். மூன்று பனிக்காலமும் ஒரே சாம்பல் நிற ஜக்கெற். சிப் உடைந்துபோய் ஊசி குத்தியிருப்பாள். மார்க்ஸ் என்னைவிடக் குறைவு. பன்னிரண்டு வயதில் கனடாவுக்கு வந்தவள், ஆங்கிலத்தைத் தட்டித் தடவித்தான் கதைப்பாள். அவளிடம் இருந்தது ஒரேயொரு பழக்கம். யாரிடமாவது ஒன்றைக் கேட்டால், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள்.

இதென்ன பெரிய வித்தை என்று நினைப்பீர்கள். ஒருக்கால் செய்து பாருங்கள். தலையை இலேசாக ஒரு பக்கம் சாய்த்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். போனைப் பார்க்கமாட்டாள், 'ம்' போடமாட்டாள், உதவிக்கு ஒரு சொல் எடுத்துக் கொடுக்கமாட்டாள். எதிரில் இருப்பவர் அந்தரப்பட்டு, "என்னத்தைச் சொல்லுறது..." என்று இழுத்தால், "சொல்லுங்கோ, எனக்கு அவசரமில்லை" என்பாள்.

பச்சைப் பொய். பின்னேரங்களில் கோப்பிக்கடையில் வேலை, தாய்க்கு முழங்கால் வருத்தம், எழுதி முடிக்காத கட்டுரைகள் ஒரு குவியல். அவசரமில்லாத மனுஷி ரொறன்ரோவில் எங்கே இருக்கிறாள்? ஆனால் அவள் சொன்னால் எல்லோரும் நம்பினார்கள்.

நான் அதற்கு நேர் எதிர். ஏழு வயதிலிருந்து எங்கள் வீட்டின் வாய் நான்தான். டொக்டரிடம், வங்கியில், குடிவரவு அலுவலகத்தில், அம்மா அப்பாவுக்கும் அங்கே இருப்பவர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொன்னவள். என் பள்ளிக்கூடத்தில் பெற்றோரை அழைத்த அன்றுகூட மொழிபெயர்த்தது நானேதான். "உங்கள் மகள் வகுப்பில் யாரையும் கதைக்க விடுவதில்லை" என்று ஆசிரியை சொன்னார். "வகுப்பில எல்லாரையும்விட நான்தான் நல்லாக் கதைக்கிறனாம்" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஆசிரியைக்குக் கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டு வந்தார். இங்கே வளர்ந்த எங்கள் பிள்ளைகள் எல்லோரும் செய்த வேலைதான். பெரியவர்களுக்கு விளங்காது என்ற தைரியத்தில் கொஞ்சம் வெட்டுவோம், கொஞ்சம் ஒட்டுவோம்.

எங்கள் இருவருக்கும் கிடைத்தது ஒரே புலமைப்பரிசில். மூன்று வருடத்துக்குப் படிப்புச் செலவில் பெரும்பங்கை அவர்கள் பார்ப்பார்கள். பதிலுக்கு நாங்கள் சனிக்கிழமைதோறும் ஒரு குடியிருப்புக்குப் போய், உயர்தரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழித்துணையாக இருந்து, தங்கள் இடத்துப் பிரச்சினைக்குத் தாங்களே முன்னால் நிற்கப் பழக்கவேண்டும். மூன்றாம் வருட முடிவில் எல்லோரிலும் ஒருவரைத் தெரிவுசெய்வார்கள். அந்த ஒருவருக்குக் கடைசி வருடம் முழுக்க இலவசம், அதோடு நகரசபையில் ஒரு கவுன்சிலரின் அலுவலகத்தில் வேலைப் பயிற்சி. அந்த இடம் எனக்கு வேண்டும். அப்பா ஒரு கலியாண மண்டபத்தில், "மகள் நகரசபைக்குப் போகப்போறா" என்று நாலு பேருக்கு முன்னமே சொல்லிவிட்டார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்கு வேண்டும்.

புலமைப்பரிசிலுக்கு நேர்முகத் தேர்வு நடந்த அன்றுதான் அவளை முதலில் கண்டேன். நான் வெளியே வந்தபோது நடையில் ஒரு கதிரையில் இருந்தாள். "என்ன கேட்டவை? நீர் என்ன சொன்னனீர்?" என்றாள். நான் இருந்து, கேட்ட கேள்வி எல்லாம், சொன்ன பதில் எல்லாம், சொல்ல மறந்தது எல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினேன். பிறகு அவளைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது, அவளிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்னுடைய பதில்களை வைத்துத்தான் அவள் தெரிவாகியிருப்பாள் என்று கொஞ்சக்காலம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் இருவரையும் சோடியாகப் போட்டது வசதி குறைந்தவர்கள் நெருங்கி வாழும் சென் ஜேம்ஸ் ரவுணில், ஓர் உயரமான கட்டடத்தின் நிலக்கீழ் அறையில். அதே கட்டடத்தின் பதினோராம் மாடியில்தான் அவள் தாயோடு இருந்தாள். இதைக் கேட்டதும் என் வயிறு பற்றி எரிந்தது. அவளுக்குக் கஷ்டம்கூட வாய்ப்பாக அமைந்திருந்தது. நான் நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில், நாலு படுக்கையறை வீட்டில் இருந்துகொண்டு, 'எங்கள் சமூகத்தின் துயரம்' என்று விண்ணப்பத்தில் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அவள் விலாசத்தை எழுதினாலே போதுமாயிருந்திருக்கும்.

சனிக்கிழமைகளில் நான் ஏற்பாட்டோடு போவேன். பெரிய தாள், நாலு நிற மார்க்கர், அம்மா பொரித்துத் தந்த ரோல்ஸ். அவள் ஒரு பக்கற் பிஸ்கற்றோடு வருவாள், அதையும் கடைசியில்தான் உடைப்பாள். "வாய்க்குள்ள பிஸ்கற் கிடந்தா கதை வராது" என்பது அவளுடைய சித்தாந்தம். எங்கள் ரோல்ஸையும் அப்படியே மூடி வைத்துவிடுவாள்.

உயர்தரப் பள்ளியில் படிக்கும் ஒன்பது பெட்டைகள் வந்தார்கள். முதல் நாள் அவள் கேட்டாள்: "இந்த பில்டிங்கில உங்களுக்கு எது பிடிக்கேல்லை?" ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "எலிவேற்றரா? கார்பேஜா?" என்று தொடங்கினேன். அவள் என் பக்கம் திரும்பாமலே, "நீர் கொஞ்சம் பொறும்" என்றாள். நான் மூக்கில் வியர்க்க இருந்தேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், நாலு நிமிடம். கடைசி வரிசையில் இருந்த ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், "லோண்டறி ரூம். ஏழு மணிக்கே பூட்டுறாங்கள். அம்மா வேலையால வரேக்க ஒன்பது."

உடுப்புத் தோய்க்கும் அந்த லோண்டறிதான் பிறகு எங்கள் இரண்டரை வருடப் பாடமாகியது. என் எலிவேற்றரை யாரும் சீண்டவில்லை.

எப்போதும் அவள் நல்லவளாகவே இருந்தாள் என்றும் நினைக்கவேண்டாம். ஒருநாள் ஒரு பெட்டையிடம், "ஏன் நீர் போன கிழமை வரேல்லை?" என்று கேட்டுவிட்டு அதே மாதிரிக் காத்திருந்தாள். அந்தப் பிள்ளை அழத் தொடங்கிவிட்டது. அப்போதும் இவள் அசையவில்லை. நான்தான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். "உமக்குக் கல்மனசோ?" என்று பிறகு கேட்டேன். "அவ அழுது முடிச்சிருந்தா சொல்லியிருப்பா" என்றாள். அந்தப் பிள்ளை என்ன சொல்லியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். நல்லெண்ணத்தில் இல்லை. எங்கள் வீட்டைக் காட்டவேண்டும் என்ற கெட்ட எண்ணத்தில்தான். அம்மா கணவாய்க் கறி வைத்திருந்தார். ஸ்ரௌவ்வில்லில் கார் இல்லாமல் பால் வாங்கவும் முடியாது என்று கதை போனது. அவள் அம்மாவைப் பார்த்து, "அன்ரி, நீங்கள் ஏன் கார் ஓடுறேல்லை?" என்றாள்.

"அம்மாவுக்குப் பயம்" என்றேன் நான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா, "இவவோ? ரோட்டில..." என்று சிரித்தார். அவள் அதற்கும் திரும்பவில்லை. அம்மா அகப்பையைக் கறிச்சட்டிக்குள் வைத்தார். கையைத் துடைத்தார். "சொல்லுங்கோ அன்ரி, எனக்கு அவசரமில்லை."

"பயமில்லைப் பிள்ளை," என்றார் அம்மா. "ஊரில நான் மோட்டச்சைக்கிள் ஓடினனான். இஞ்ச வந்து ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

அம்மா மோட்டார் சைக்கிள் ஓடினாரா! ஏழு வயதிலிருந்து அம்மாவுடைய வாயாக இருந்தவள் நான். அம்மாவுக்கு எந்தப் பல்லில் கூச்சம் என்று பல் டொக்டருக்குச் சொன்னவள் நான். இது எனக்குத் தெரியாது. லைசென்ஸுக்கான எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம் என்று அவள் அம்மாவுக்குச் சொன்னாள். அதுவும் எனக்குத் தெரியாது. அடுத்த வசந்தத்தில் அம்மா லைசென்ஸ் எடுத்தார். முதலில் அவளுக்குத்தான் போன் பண்ணிச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் இருந்த எனக்கு அது நன்றாகக் கேட்டது.

மூன்றாம் வருட முடிவில் கட்டடத்தில் ஒரு கூட்டம் வைத்தோம். கவுன்சிலர் வந்தார், கட்டட நிர்வாகத்து ஆட்கள் வந்தார்கள், புலமைப்பரிசில் தெரிவுக்குழுவும் பின்வரிசையில் குறிப்புப் புத்தகங்களோடு இருந்தது. அந்த ஓர் இடம் யாருக்கு என்று அன்று பார்க்கப்போகிறார்கள். எல்லோருக்கும் தெரியும், எங்கள் இருவரில் ஒருத்திக்குத்தான்.

பேசவேண்டியவர் றஞ்சி அன்ரி. லோண்டறி பற்றி முதல்நாள் சொன்ன பெட்டையின் தாய், கந்தோர்கள் துப்புரவாக்கும் வேலை. அவரை நாங்கள் மொழிபெயர்ப்போம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவள் விடவில்லை. "அவ தானே சொல்லட்டும்" என்றாள். வேலை முடிந்து அன்ரி வரும்வரை பார்த்திருந்து, ஆங்கிலத்தில் நாலு வசனத்தை ஆறு கிழமையாக அவரோடு இருந்து பழக்கினாள். நாலே நாலு வசனம்! நான் அந்த நேரத்தில் பன்னிரண்டு பக்க அறிக்கை எழுதி அச்சடித்துவிட்டேன்.

அன்ரி மைக்கைப் பிடித்தார். முதலாவது வசனம் வந்தது: தன் பெயரையும், பதினாறு வருடமாக இங்கே இருப்பதையும் சொன்னார். பிறகு நின்றுவிட்டார். கண் கூரைக்குப் போனது. நான் அவளைப் பார்த்தேன். பக்கத்துக் கதிரையில் தலையைச் சாய்த்து, கையை மடியில் வைத்து, காத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது பெட்டைகளும் அதே மாதிரிக் காத்திருந்தார்கள். பின்னால் தெரிவுக்குழுவில் ஒரு பெண்மணி பேனையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். அந்தப் பார்வையை நான் கண்டேன். இன்னும் பத்து வினாடி போனால் அன்ரி சொல்லிவிடுவார், அந்த இடமும் அவளுக்குப் போய்விடும் என்று எனக்கு விளங்கியது.

எழும்பிப் போய் அன்ரியின் கையிலிருந்து மைக்கை எடுத்தேன். "தமிழில சொல்லுங்கோ அன்ரி, நான் சொல்லிவிடுறன்" என்றேன். அன்ரி தடுமாறி, "லோண்டறியைத் திறந்து விட்டா நல்லம், பிள்ளை" என்று மட்டும் சொன்னார். நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். இரவில் களைத்து வரும் ஒரு தாய், பூட்டிய கதவு, காலையில் ஊத்தை உடுப்போடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தினேன். கவுன்சிலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைதட்டு நிற்கவில்லை.

கூட்டம் முடிந்து போகும்போது எலிவேற்றர் வாசலில் அன்ரி நின்றார். என்னைக் கண்டதும், ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, முழுவதையும் சொன்னார். தான் பதினாறு வருடமாக இந்தக் கட்டடத்தில் இருப்பதாக. வேலையால் வரும்போது லோண்டறி பூட்டியிருப்பதாக. அதனால் குளிக்கிற தொட்டியில் வைத்து உடுப்பு முழுவதையும் கையால் தோய்ப்பதாக. கை நோகிறது, தயவுசெய்து கதவைத் திறந்து விடுங்கள் என்று. ஒரு பிழையும் இல்லை. பிறகு தமிழுக்கு மாறினார்.

"என்ர பிள்ளை ஒருநாளும் ஊத்தை உடுப்போட பள்ளிக்கூடம் போனதில்லை, தங்கச்சி. நீர் சொன்னது எனக்கு விளங்கினது."

எலிவேற்றர் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் படிகளில் ஏறி வெளியே வந்தேன்.

இடம் எனக்குத்தான் கிடைத்தது. லோண்டறியைப் பத்து மணிவரை திறந்து வைத்தார்கள், அதையும் சொல்லவேண்டும். அப்பா இன்னொரு கலியாண மண்டபத்துக்குப் போனார்.

முடிவு வந்த கிழமை, தெருவில் ஓடும் ரயிலான ஸ்ட்ரீட்காரின் தரிப்பிடத்தில் அவளைச் சந்தித்தேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நானும் நாலு சொல்லத் தயாராக வந்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஏன் அப்பிடிச் செய்தனீர்?"

"அவ நிண்டுபோனா, எல்லாரும் பாத்துக்கொண்டிருந்தவை, எனக்குப் பாவமாக் கிடந்தது. ஆராவது உதவி செய்யத்தானே வேணும்? நீர் சும்மா இருந்தனீர்..." என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். முடிந்தது. அவள் தலையைச் சாய்த்தபடி நின்றாள். அதுவல்ல பதில் என்று இருவருக்கும் தெரியும்.

"சொல்லும். எனக்கு அவசரமில்லை."

"எனக்கு அவசரம்!" என்று கத்திவிட்டு வந்த ஸ்ட்ரீட்காரில் பாய்ந்து ஏறினேன். அது நான் போகவேண்டிய திசைக்குப் போகவில்லை. மூன்று தரிப்பிடம் தள்ளி இறங்கி, குளிருக்குள் திரும்பி நடந்தேன்.

கடைசி வருடத்துக்கு அவள் வரவில்லை. பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை செய்கிறாள் என்று பெட்டைகள் சொன்னார்கள். முதல் சனிக்கிழமை நான் ஒரு கேள்வியைக் கேட்டு, வழமைபோல நானே பதிலையும் தொடங்கினேன். "அக்கா, வெயிற். நாங்கள் யோசிக்கிறம்" என்றாள் ஒருத்தி. மற்ற எட்டுப் பேரும் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கு எழும்பி ஓடவேண்டும் போலிருந்தது.

இப்போது நான் நகரசபையில்தான் வேலை செய்கிறேன். மக்களுடைய சொல்லை அழகாக எடுத்துச் சொல்கிறேன் என்று என்னைப் புகழ்கிறார்கள். அவளை இணையத்தில் பல தடவை தேடியிருக்கிறேன். படிப்பை முடித்தாளா, எங்கே இருக்கிறாள், ஒன்றும் இல்லை. ஒரு படம்கூடக் கிடையாது. அதுவும் எரிச்சல்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை ஸ்ரௌவ்வில் ரயில் நிலையத்துக்குக் காரில் கொண்டுவந்து விட்டார். ரயில் வர ஐந்து நிமிடம் இருந்தது.

"அந்தப் பிள்ளை இப்ப எங்கை?"

"எனக்குத் தெரியாதம்மா."

"அப்பிடி நல்லாப் பழகினனீங்கள். பிறகு என்ன நடந்தது உங்கள் ரெண்டுபேருக்கும்?"

பத்து வருடத்தில் அம்மா இதைக் கேட்டது இதுதான் முதல் தரம். "ஒண்டுமில்லை. ரெயின் வருதம்மா" என்று கதவில் கையை வைத்தேன். உண்மையிலேயே வந்துகொண்டிருந்தது. அம்மா எஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கழற்றி மடியில் வைத்தார். இரண்டு கையையும் அதன் மேல் வைத்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

"சொல்லு. எனக்கு அவசரமில்லை."

அதுவும் அவளுடைய வசனம். என் அம்மாவின் வாயில். ரயில் வந்து, கதவு திறந்து, பூட்டி, போனது. அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அம்மா, அவளுக்குக் கிடைக்கவேண்டிய இடத்தை நான் பறிச்சனான்" என்றேன்.